மண்ணுக்கு மானியம், மனிதனுக்கு?

விளைந்து நிற்கும் பயிரை உழுது அழித்துவிடு; அழித்த ஏக்கருக்கு ஏக்கர் அரசாங்கம் பணம் தரும்!

இப்படியும் ஓர் ஏற்பாடு உண்டா, உண்டென்றாலும் மக்கள் அதனை ஏற்பார்களா என்று கேட்கத் தோன்றும். உண்டு; ஏற்றார்கள். 1933-ஆம் ஆண்டுக் கோடையிலே, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களிலே, பூவும் பிஞ்சுமாக நின்ற பருத்தியை 1 கோடி ஏக்கருக்கு மேல் கலப்பை கொண்டு மண்ணோடு மண்ணாகப் புரட்டினார்கள். அதே ஆண்டு 60 இலட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். நகரங்களிலோ, ஒரு துண்டு ரொட்டிக்காக மக்கள் வரிசையில் நின்ற காலம் அது! செடியை மிதியாமல் இரு வரிசைகளுக்கு நடுவே நடக்கவே பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள், செடியின் மீதே நடக்கச் சொன்னபோது அசையாமல் நின்றுவிட்டனவாம். அந்நாட்டார் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. கழுதைக்கு விளங்காத பொருளாதாரம்!

திட்டத்தைத் தீட்டியவர்கள் அறிவிலிகள் அல்லர், கல்நெஞ்சரும் அல்லர். 1929-இல் தொடங்கிய பெருமந்தம் உழவனின் முதுகெலும்பை முறித்திருந்தது. ராத்தல் 17 சென்ட் விற்ற பஞ்சு, 1932-இல் ஆறேழு சென்டுக்கு இறங்கிவிட்டது. விலை போகாத பஞ்சு கிடங்குகளில் மலையாகக் குவிந்து கிடந்தது. சரக்குக் குறைந்தால் விலை ஏறும். சரக்கைக் குறைப்பவனுக்கு ஈடு கொடுப்போம். அதற்கான பணத்தை ஆலைக்காரர்களிடம் வரியாகப் பெறுவோம் என்பது கணக்கு. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1933 மே 12 அன்று கையெழுத்திட்ட வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தின் சாரம் அதுவே. வேளாண்மை அமைச்சர் ஹென்றி வாலஸ் அதனை நடத்தி வைத்தார். விலையும் ஏறிற்று. அதனை மறுப்பதற்கில்லை.

ஆனால் அழித்த பருத்திக்கென்று அந்த ஓராண்டிலே 10 கோடி டாலருக்கு மேல் தெற்கே சென்றதே, அது எவர் கைக்குப் போயிற்று? கணக்கைப் பார்ப்பதென்றால் வாஷிங்டனில் பார்த்துப் பயனில்லை. கவுண்டிக்குப் போக வேண்டும். கவுண்டி என்பது அந்நாட்டின் உள்ளூர் ஆட்சிப் பிரிவு. ஒரு தலைநகர், ஒரு நீதிமன்றம், ஒரு ஷெரீப், ஒரு பதிவு அலுவலகம். மிசிசிப்பி மாநிலத்தில் சன்பிளவர் கவுண்டி என்று ஒன்று உண்டு. சூரியகாந்தி என்று பொருள், பெயரில்தான் ஒளி! ஆற்று வண்டல் படிந்த கரிசல் பரப்பு. டெல்டா என்றே அந்தப் பகுதியை அழைக்கிறார்கள். கடலோரக் கழிமுகம் அன்று, உள்நாட்டுச் சமவெளிதான். அந்த மண்ணில் பருத்தி ஆளுயரம் வளரும். பருத்தியைப் பயிரிட்டவர் பெரும்பாலும் கருப்பர். நிலத்துக்கு உடையவர் பெரும்பாலும் வெள்ளையர்.

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. அந்த ஆண்டு ஜனவரியிலே, தளபதி ஷெர்மன் கடலோரத்து நிலங்களை விடுதலை பெற்ற கருப்பர் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வீதம் பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். ஆண்டு முடிவதற்குள், புதிய குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய பண்ணையாரிடமே திருப்பி ஒப்படைத்தார். சங்கிலி அறுந்தது, நிலம் கிட்டவில்லை. நிலமற்ற விடுதலையாளன் என்ன செய்வான்? நேற்றுவரை எவன் தன் எசமானனோ, அவன் நிலத்தையே வாரத்துக்கு எடுத்தான். பாதி விளைச்சல் நிலத்துக்காரனுக்கு. மீதிப் பாதியிலிருந்து, பண்ணைக் கடையில் கடனாக வாங்கிய மாவுக்கும் பன்றி இறைச்சிக்கும் துணிக்கும் வட்டியோடு பிடித்தம். கணக்கு எழுதுபவர் பண்ணையார், கூட்டுபவரும் அவரே, கழிப்பவரும் அவரே. ஆண்டு முடிவில் வாரக்குடியின் கையில் நிற்பது, அடுத்த ஆண்டுக்கான கடன்!

இந்த இடத்துக்குத்தான் 1933-இல் அரசாங்கத்தின் பணம் வந்து சேர்ந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் நிலத்துக்காரர். காசோலை வந்தது அவர் பெயருக்கு. குடிக்குரிய பங்கை அவரே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொடுத்தவரும் இருந்தனர், பழைய கடனில் பற்று வைத்துக்கொண்டேன் என்று கைவிரித்தவர் மிகப் பலர். அடுத்து வந்த 1934–35-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இந்த அநீதியை எழுத்திலேயே வடித்துவிட்டது. பயிரிடாமல் விட்ட நிலத்துக்கு, ராத்தல் பஞ்சுக்கு 4½ சென்ட் ஈடு. அதில் பண்ணையாருக்கு 4 சென்ட், வாரக்குடிக்கு அரை சென்ட். விளைந்தால் பாதிக்குப் பாதி. விளையாவிட்டால் எட்டுக்கு ஒன்று!

சரி, ஒன்பதில் ஒரு பங்காவது நிச்சயமா? அதுவும் இல்லை. பயிரிடும் நிலம் குறைந்தால் பயிரிடும் ஆளும் குறைவாகப் போதும். குடியை வெளியேற்றிக் கூலிக்கு ஆள் பிடித்தால் அந்த அரை சென்டும் மிச்சம். இதனை முன்கூட்டியே உணர்ந்தவர் சிலர் வேளாண்மைத் துறையிலே இருந்தனர். அவர்கள் முயன்றதன் பயனாக ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவில் ஒரு விதி ஏறியது: பண்ணையார் தம் குடிகளின் எண்ணிக்கையை 'இயன்றவரை' குறைக்காதிருக்க வேண்டும். இயன்றவரை! இயலவில்லை என்று தீர்மானிப்பவர் யார்? பண்ணையார். முறையீடு செய்தால் விசாரிப்பது யார்? கவுண்டிக் குழு. குழுவில் அமர்ந்திருப்பவர் யார்? அண்டைப் பண்ணையார்!

ஆற்றின் மறுகரையில் ஆர்கன்சா மாநிலம். அங்கே பாயின்செட் கவுண்டியில், டைரன்சா என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934 ஜூலையில் 18 பேர் கூடினர். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கருப்பர். இரு நிறத்தாரும் ஒரே சங்கமா, தனித்தனியா என்று பேச்செழுந்தது. அந்தக் கூட்டத்தில் ஐசக் ஷா என்ற கருப்பினப் பெரியவர் இருந்தார். 1919-இல் அதே மாநிலத்தின் எலேன் என்ற இடத்தில் கருப்பின வாரக்குடிகள் சங்கம் கண்டபோது, துப்பாக்கி கொண்டு அதனை அழித்ததை அறிந்தவர். தனித்து நின்றதால் மடிந்தோம், இம்முறை சேர்ந்தே நிற்போம் என்று அவர் எடுத்துரைத்தார். தென்னகக் குத்தகை உழவர் சங்கம் அங்கே பிறந்தது. ஒரே பெஞ்சில் வெள்ளையனும் கருப்பனும் உட்காரக்கூடாதென்று சட்டம் இருந்த மண்ணிலே, இருவரும் ஒரே உறுப்பினர் அட்டை ஏந்தினர்! பண்ணையாரின் அடியாட்கள் கூட்டங்களைக் கலைத்தனர். பேச வந்த சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமசை மேடையிலிருந்து இறக்கினர்.

முறையீடுகள் குவியவே, வாஷிங்டன் 1935 ஜனவரியில் மேரி கானர் மயர்ஸ் என்ற வழக்கறிஞரை ஆர்கன்சாவுக்கு அனுப்பிற்று. அவர் கண்டார், கேட்டார், அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை வெளியிடப்படவே இல்லை. மறு மாதமே, 7-ஆம் பிரிவுக்குக் குடிகளுக்கு ஆதரவான பொருள் கூறிய சட்டப் பிரிவுத் தலைவர் ஜெரோம் பிராங்கும் தோழர்கள் சிலரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். ஏன்? தெற்கத்திச் செனட்டர்களின் கையில் காங்கிரசின் குழுக்கள் இருந்தன. அவர்களைப் பகைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்டின் எந்தச் சட்டமும் நகராது. அந்தச் செனட்டர்கள் எப்படி அத்தனை ஆண்டுகள் அசையாமல் இருந்தனர்? அவர்களது தொகுதியில் சரிபாதி மக்களுக்கு வாக்கு இல்லை. வாக்கில்லாதவனுக்குப் பேச ஆளில்லை. பேச ஆளில்லாதவனுக்குக் காசோலையில்லை.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. குடிகளுக்காக அன்று, ஆலைவரி விதித்தது தவறென்பதற்காக! உடனே மண்வளப் பாதுகாப்பு என்ற புதுப் பெயரில் பணம் தொடர்ந்தது. பெயர்கள் மாறின; சட்டங்கள் மாறின; காசோலை போய்ச் சேரும் வாசற்படி மாறவில்லை. 1930-இல் தென்னகத்தில் 7,76,000 வாரக்குடிக் குடும்பங்கள் இருந்தன, 1940-இல் 5,41,000. பத்தே ஆண்டில் இரண்டேகால் இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அந்தக் கணக்கிலிருந்து மறைந்தன. மந்தமும் அதற்குக் காரணம் என்பது உண்மைதான். ஆனால் மந்தத்திலிருந்து காக்க வந்த பணமே வெளியேற்றத்துக்கு முதலாகவும் ஆயிற்று. டிராக்டர் வாங்கப் பணம் வேண்டுமே! அதனை அரசாங்கம் கொடுத்தது.

1944 அக்டோபரில், சன்பிளவருக்கு அருகே கோஹோமா கவுண்டியின் ஒரு பண்ணையில், பஞ்சு எடுக்கும் எந்திரத்தை ஓட்டிக் காட்டினர். பார்க்க ஊரே திரண்டது. ஒரு பேல் பஞ்சைக் கையால் எடுக்க 39 டாலர் சொச்சம். எந்திரத்தால் 5 டாலர் சொச்சம். அன்றைக்கே டெல்டாவின் கருப்பரில் பலருக்கு சிகாகோ ரயிலில் இடம் எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

மானியம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. சர்வமானியம், இறையிலி, பிரமதேயம் என்று எத்தனை செப்பேடுகள் பார்த்திருக்கிறோம்! மன்னன் கொடுத்தான், இன்னார் பெற்றார் என்று எல்லை நான்கும் எழுதப்பட்டிருக்கும். அந்த எல்லைக்குள் ஏர் பிடித்தவன் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. டாலரில் எழுதப்பட்டதாலோ, குடியரசு கொடுத்ததாலோ தானத்தின் இயல்பு மாறிவிடவில்லை.

சன்பிளவருக்குத் திரும்புவோம். 1960-களில் அந்தக் கவுண்டியின் புகழ்பெற்ற இருவரை அருகருகே நிறுத்திப் பார்த்தால் போதும்.

ஒருவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். டாட்ஸ்வில் என்ற ஊரில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் பண்ணைக்கு உடையவர், அமெரிக்கச் செனட்டர், 1956 முதல் செனட்டின் நீதித்துறைக் குழுவின் தலைவர். கருப்பருக்கு உரிமை வழங்கும் சட்ட முன்வடிவுகள் அவரது குழுவின் பெட்டிக்குள் போனால் திரும்பி வருவது அரிது. வேளாண்மைக் குழுவிலும் உறுப்பினர். அரசாங்கம் மக்களைத் தாங்கிப் பிடிக்கக்கூடாது என்று பேசுவோர் வரிசையில் அவர் முன்னணியில் நின்றார். அவருடைய பண்ணைக்கோ, 1960-களின் பிற்பகுதியில், ஆண்டுக்கு ஓர் இலட்சம் டாலருக்கும் மேல் அரசாங்கப் பணம் வந்துகொண்டிருந்தது. அதே காலத்தில் மிசிசிப்பியில் ஆதரவற்ற குழந்தைக்குக் கிடைத்த உதவி, மாதம் பத்து டாலருக்கும் குறைவு!

மற்றொருவர் பேன்னி லூ ஹேமர். இருபது குழந்தைகளில் கடைசிக் குழந்தை. ஆறு வயதில் பருத்திக் காட்டில் இறங்கியவர். ரூல்வில் அருகே ஒரு பண்ணையில் 18 ஆண்டுகள் உழைத்தவர். எழுதப் படிக்கத் தெரிந்ததால் பஞ்சு நிறுக்கும் கணக்கும் பார்த்தவர். கருப்பரில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோர் அந்தக் கவுண்டியில் நூற்றுக்கு இருவர்கூட இல்லாத நிலை. 1962 ஆகஸ்ட் 31 அன்று, பதினேழு பேருடன் ஒரு பழைய பேருந்தில் ஏறித் தலைநகர் இண்டியனோலாவுக்குப் போனார், பெயரைப் பதிய. பதிய விடவில்லை. திரும்பும் வழியில் போலீசார் பேருந்தை மறித்து அபராதம் விதித்தனர். குற்றம் என்ன தெரியுமா? வண்டியின் நிறம் அளவுக்கு மீறி மஞ்சளாக இருந்ததாம்! வீடு வந்து சேர்ந்ததும் பண்ணையார் காத்திருந்தார். மனுவைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு என்றார். அன்றிரவே வெளியேறினார் அம்மையார். கணவரோ அறுவடை முடியும்வரை இருந்தே ஆகவேண்டுமென்று நிறுத்திக்கொள்ளப்பட்டார்.

அந்தக் குளிர்காலத்திலே இன்னொன்று நடந்தது. அண்டைக் கவுண்டியான லெப்ளோரில், மத்திய அரசு ஏழைகளுக்கு அனுப்பிய உபரி மாவு, அரிசி, பயறு வழங்குவதை உள்ளூர் ஆட்சியாளர் 1962 அக்டோபரில் நிறுத்தினர். ஏறத்தாழ 22,000 பேரின் அடுப்பு அணைந்தது. வாக்குரிமை கேட்டதற்குத் தண்டனை! கவனிக்க வேண்டியது இது: அரசாங்கம் கொடுத்தவை இரண்டு, பண்ணையாருக்குப் பணமும் கூலியாளுக்கு மாவும். இரண்டும் உள்ளூர்க்காரர் கை வழியாகவே வந்தன. மாவை நிறுத்த அவர்களால் முடிந்தது. பணத்தை நிறுத்த அவர்களுக்கு மனம் எழ வாய்ப்பே இல்லை, ஏனெனில் அது அவர்களுடையது. 1965-இல் பொலிவர் கவுண்டியின் ஷா என்ற ஊரில் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தனர். நாள் முழுதும் களை கொத்தினால் 3 டாலர்; மணிக்கு 1¼ டாலர் கேட்டனர். கட்டுப்படியாகாது என்றனர் பண்ணையார்கள்.

பணத்தைப் பங்கிட்ட அந்தக் கவுண்டிக் குழுக்கள் தேர்தல் மூலம் அமைந்தவை. ஏட்டில் வாரக்குடிக்கும் வாக்குண்டு. ஆனால் 1965-இல் குடியுரிமை ஆணையம் ஆராய்ந்து கண்டது என்ன? பதினொரு தென் மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 கவுண்டிக் குழு உறுப்பினர். அவர்களில் ஒரு கருப்பர்கூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, மிசிசிப்பியில் இளைஞர் தொண்டர்கள் இந்தக் குழுத் தேர்தலிலும் கருப்பின உழவரை நிறுத்திப் பார்த்தனர். ஊர்க்குழுக்களில் சில இடங்கள் கிடைத்தன. சட்டமன்றத்தைவிட இந்தச் சின்னஞ்சிறு குழுவே உழவன் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் கண்டுகொண்டது, என் கருத்தில், அந்தப் போராட்டத்தின் மிகக் கூர்மையான அறிவு.

பெரும்பண்ணைகளுக்குச் செல்லும் தொகைகள் வெளிவந்தபோது நாட்டிலே முகச்சுளிப்பு ஏற்பட்டது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டிற்று: ஒரு பயிருக்கு ஓர் ஆளுக்கு 55,000 டாலருக்கு மேல் இல்லை. ஓர் ஆளுக்கு! மனைவி ஓர் ஆள். மகன் ஓர் ஆள். பேரன் ஓர் ஆள். பங்குதாரர் ஓர் ஆள். பண்ணை தாளிலே பல கூறாயிற்று. மண்ணிலே ஒன்றாகவே இருந்தது. பினாமி என்ற சொல் அவர்கள் மொழியில் இல்லை, செயல் இருந்தது.

ஹேமர் அம்மையார் வேறு வழி தேடினார். 1969-இல் 40 ஏக்கர் வாங்கி விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு தொடங்கினார். நன்கொடையாக வந்த பன்றிகளைக் கொண்டு 'பன்றி வங்கி' வைத்தார். ஒரு குடும்பம் சினைப்பன்றியைப் பெறும், குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பும், அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். கீரையும் அவரையும் கிழங்கும் விளைந்தன. நிலம் 600 ஏக்கரைத் தாண்டிற்று. ஆனால் வெள்ளம், வறட்சி, தவணைக் கடன், வரி ஆகியவற்றைத் தாங்க அந்தப் பண்ணைக்குப் பின்னால் எந்தக் காசோலையும் இல்லை. 1970-களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போயிற்று. 1977 மார்ச்சில் அம்மையார் மறைந்தார்.

நிலம் வைத்திருந்த கருப்பின உழவர் கதையும் வேறல்ல. 1920-இல் அந்நாட்டில் 9,25,000க்கு மேற்பட்ட கருப்பின உழவர் இருந்தனர். 1990-களில் 20,000க்கும் கீழ். கடன் கேட்டால் விதைப்புக் காலம் கழிந்தபின் வரும்; முறையிட்டால் விசாரிக்கும் பிரிவையே 1983-இல் கலைத்துவிட்டனர். 1997-இல் வழக்குத் தொடுத்தனர். 1999 ஏப்ரலில் நீதிபதி பால் பிரீட்மன் சமரசத்தை ஏற்று எழுதிய தீர்ப்பு, 1865-இல் கருப்பர் எதிர்பார்த்து ஏமாந்த நாற்பது ஏக்கரையும் ஒரு கோவேறு கழுதையையும் நினைவூட்டியே தொடங்குகிறது. பாகுபாட்டுக்கு ஈடாகத் தலைக்கு 50,000 டாலர். 15,000க்கு மேற்பட்டோர் பெற்றனர். 60,000க்கு மேற்பட்டோர் காலங்கடந்து விண்ணப்பித்ததாகத் திருப்பப்பட்டனர். அவர்களுக்காக 2010-இல் மீண்டும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

2021-இல் கருப்பர் முதலான ஒதுக்கப்பட்ட உழவரின் கடனைத் தீர்க்க 400 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் வந்தது. நிறம் பார்த்து உதவுவது சமத்துவத்துக்கு மாறு என்று வெள்ளை உழவர் சிலர் நீதிமன்றம் சென்றனர். நீதிமன்றங்கள் தடை விதித்தன. 2022 ஆகஸ்டில் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. நிறம் குறிக்காமல் 'பாகுபாட்டுக்கு ஆளானோர்' என்று மாற்றி எழுதி, 2024 ஜூலையில் 43,000 பேருக்கு 200 கோடி டாலர் வழங்கினர்.

வழக்கமான பயிர் மானியமோ எந்த நீதிமன்றத்திலும் தடைபடவில்லை. நிலத்தின் பேரில் முன்பே பதிவான ஏக்கர் கணக்கைக் கொண்டே அது இன்றும் அளக்கப்படுகிறது. அந்தப் பயிரை இவ்வாண்டு விதைத்தாரா என்று கேட்பதில்லை. ஓர் ஆளுக்கான வரம்பு 1,25,000 டாலராக இருந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் அதனை 1,55,000 டாலராக உயர்த்தியிருக்கிறது.